அரசுப் பணியும் இல்லறமும்

(ஆரல்வாய்மொழியில் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படிதான் விழாக்குழுவினர் முதலில் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால், வேறொரு தலைப்பை நானே வேண்டிப் பெற்றேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் மேடைகளில், படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அரசு வேலையில் அமர வேண்டும் என்று பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சு வீண் போகவில்லை. நம் தெருக்களில் ஆசிரியர்கள் உண்டு, செவிலியர்கள் உண்டு, காவலர்கள் உண்டு, வருவாய்த் துறையிலும் மின்வாரியத்திலும் போக்குவரத்துக் கழகத்திலும் பணிபுரிவோர் உண்டு. ஆனால், வேலை கிடைத்தபின் அந்த வீட்டிற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி இதுவரை எந்த மேடையிலும் நாம் பேசியதில்லை. கணவனோ மனைவியோ அரசுப் பணியில் இரவு பகலாக உழைக்கும்போது, மற்றவர் அந்தக் குடும்பத்தை எப்படி நடத்திச் செல்வது? இன்றைய என் பேச்சு இந்த ஒரு வினாவைப் பற்றியது.

அரசு வேலை என்பது மற்றவர்களுக்கு ஒரு சம்பளமாக மட்டும் இருக்கலாம். நமக்கு அது அதனினும் பெரிது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த மண் இது. அந்தத் திருவிதாங்கூரில் மகாத்மா அய்யன்காளி 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றால் உங்கள் வயல்களில் எங்களுக்கு வேலையில்லை என்று உழைக்கும் மக்களை ஒன்றுதிரட்டி நின்றார். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிப்பதற்கே போராட வேண்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆகவே நம்மில் ஒருவர் அரசுப் பணியில் சேர்ந்தால், அந்த ஒரு சம்பளத்தில் கூரை வீடு காரை வீடாகிறது, தங்கை படிக்கிறாள், தந்தை செங்கல் சூளையிலிருந்து ஓய்வு பெறுகிறார். இத்தனை பேரின் நம்பிக்கையும் ஒரே தலையின்மீது ஏறி அமர்வதால்தான் அந்த வீட்டின் இல்லறம் எளிதாக இருப்பதில்லை.

முதலில் அந்தப் பணியின் தன்மையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். காலை பத்து மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்குத் திரும்புவதுதான் அரசு வேலை என்று நம் பெரியவர்கள் பலர் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பூதப்பாண்டியில் உள்ள தோவாளை வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிபுரிபவரைக் கேட்டுப் பாருங்கள். ஜமாபந்தி நாட்களில் வீடு திரும்பும் நேரம் அவருக்கே தெரியாது. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுப் பாருங்கள். சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரில் எந்தக் கர்ப்பிணிக்கு எந்த நேரத்தில் வலி எடுக்கும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்; அவருடைய பிள்ளைகள் கண் விழிக்கும்போது தாய் வீட்டில் இல்லை.

தேர்தல் வந்தால், வாக்குச்சாவடி அலுவலர்கள் முந்தைய நாளே சென்று இரவு அங்கேயே தங்க வேண்டும். 2021 ஏப்ரல் 6 அன்று நம் மாவட்டத்தில் சட்டமன்றத் தேர்தலோடு கன்னியாகுமரி நாடாளுமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு விளவங்கோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. ஒவ்வொரு முறையும் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போன தாய்மார்கள் எத்தனை பேர்! 2017 நவம்பர் 29 இரவு தொடங்கி மறுநாள் முழுதும் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தை அலைக்கழித்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து உழைத்தார்கள். நமக்கு விளக்கு எரிந்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்தத் தொழிலாளர்களின் வீடுகளில் யார் கஞ்சி காய்ச்சினார்கள், யார் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா?

ஆகவே என் கருத்து இதுதான். பணிப்பதிவேட்டில் பெயர் ஒன்று. ஆனால் உழைப்பவர் இருவர். வீட்டில் இருப்பவர் தாங்கிப் பிடிக்காவிட்டால், அலுவலகத்தில் இருப்பவரால் நிற்க முடியாது. இதை நமக்கு உணர்த்தும் வரலாறு அண்ணல் அம்பேத்கரின் இல்லத்திலேயே இருக்கிறது.

1913 முதல் 1917 வரை அண்ணல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்தார். 1917-இல் பரோடா சமஸ்தானத்தின் பணியில் சேர்ந்தார். அத்தனை பெரிய படிப்பு படித்தவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பணியை விட்டு வந்துவிட்டார். மீண்டும் 1920 முதல் 1923 வரை இலண்டன். இந்த ஆண்டுகளில் எல்லாம் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தை நடத்தியவர் அன்னை ரமாபாய். பெற்ற பிள்ளைகள் ஐவரில் நால்வரை மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர். 1935 மே 27-இல் அவர் மறைந்தார். 1940 இறுதியில் பாகிஸ்தான் பிரச்சினை பற்றித் தாம் எழுதி முடித்த பெருநூலை அண்ணல் அந்த அம்மையாரின் நினைவுக்கே உரித்தாக்கினார்.

இந்த வரலாற்றைச் சொல்லி, பெண்களே, நீங்களும் ரமாபாயைப் போலப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறி அமர்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. அன்னை ரமாபாய் பட்ட துன்பம் இன்னொரு பெண் படக்கூடாது என்பதற்காகத்தான் அண்ணல் உழைத்தார். 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942 முதல் 1946 வரை இருந்தபோது, ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். உழைப்பவனுக்கும் உழைப்பவளுக்கும் வீடு ஒன்று உண்டு, அதற்கும் நேரம் வேண்டும் என்பதை அவர் சட்டமாகவே எழுதினார். அவர் வழியில் நடக்கிறோம் என்று சொல்லும் நாம் நம் வீட்டிற்குள் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா?

இப்போது காலம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் காவல்துறையில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1973-இல். அரசுப் பணிகளில் பெண்களுக்கு நூற்றுக்கு 30 இடம் என்ற ஒதுக்கீடு வந்தது 1989-இல். இவற்றின் பயனாக, நம் தெருக்களில் பல வீடுகளில் இன்று அரசு ஊழியர் மனைவிதான். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கொத்து வேலை செய்கிறார். செங்கல் சூளைக்குப் போகிறார். இதில் எந்த இழிவும் இல்லை. உழைத்து உண்பதில் இழிவு எங்கே வந்தது? ஆனால், தெருவில் நாலு பேர் “பெண்டாட்டி சம்பளத்தில் இருக்கிறவன்” என்று சொல்லிவிட்டால் போதும். அந்த மனிதன் குன்றிப்போகிறான். குன்றியவன் மதுக்கடைக்குப் போகிறான். அங்கிருந்து திரும்பி வந்து, இரவுப் பணி முடித்து வந்த மனைவியிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்கிறான். படித்துப் பட்டம் பெற்று வேலைக்குப் போன நம் பெண்கள் சிலர் இந்தக் கேள்வியைத் தாங்கமுடியாமல் வேலையை விட்டிருக்கிறார்கள். மூன்று தலைமுறை உழைத்து ஏறிய படியிலிருந்து ஒரே நாளில் இறங்குவதற்கு இது ஒப்பாகும்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அவள் காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வு பெற்றவள். திருமணமாகி ஒரு குழந்தையும் பிறந்தபின், தொலைவிலுள்ள ஒரு நிலையத்திற்கு மாறுதலாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளும் கணவரும் மாமியாரும் என் வீட்டிற்கு வந்தார்கள். வேலையை விட்டுவிடச் சொல்லி அவளுக்கு நீங்கள் புத்தி சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார். “சாரே, அவ வாறப்ப பிள்ள உறங்கிப்போவுது, போறப்ப பிள்ள எழும்பல்ல. எனக்கு முட்டுவலி. நான் எத்தன நாளு தூக்கிச் சொமப்பேன்?” என்றார். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கணவரும் கெட்டவர் அல்லர். இரவில் அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து அலுத்துப்போனவர்.

நான் அவர்களுக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டேன். அவள் வேலையை விட்டால் என்ன நின்றுபோகும் என்று ஒரு பக்கம். விடாவிட்டால் யாருக்கு என்ன சிரமம் என்று மறுபக்கம். மூவரும் சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டுக்கடன், கொழுந்தனின் ஐ.டி.ஐ. படிப்பு, மாமியாரின் மருந்து ஆகியவை முதல் பத்தியில் நின்றன. மறுபத்தியில் பெரும்பாலும் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது. நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள தொலைவு. ஒரு மாதம் கழித்து அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். சொந்த வீட்டைப் பூட்டாமல் தாயிடம் விட்டுவிட்டு, நிலையத்திற்கு அருகில் வாடகை வீடு பார்த்தார்கள். கணவர் தம் ஆட்டோவை அந்த ஊர் நிறுத்தத்திற்கு மாற்றிக்கொண்டார். புது இடத்தில் முதல் சில மாதங்கள் வருமானம் குறைந்தது. சனிக்கிழமைதோறும் அந்த அம்மாள் பேருந்து ஏறிப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார். தனிமை அவருக்கு வருத்தம்தான். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் ஏற்பாடு அது அன்று. ஆனால் வேலையும் நின்றது, குடும்பமும் நின்றது.

இதிலிருந்து சில முறைகளை உங்கள்முன் வைக்கிறேன். என் இல்லத்தரசியும் மக்கள் நல்வாழ்வுத் துறையில் பல ஆண்டுகள் பணிபுரிபவர் என்பதால், எங்கள் வீட்டு வழக்கமும் இதில் கலந்திருக்கிறது.

முதலாவது, வீட்டு வேலையைக் கணக்கிட்டுப் பகிர்ந்துகொள்ளுதல். நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஒரு நாளில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர்தான். ஈடுபட்டவர்களிலும் பெண் செலவிட்டது 299 நிமிடம். ஆண் செலவிட்டது 97 நிமிடம். மனைவி எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்து இன்னும் ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்றால், அவள் உடல் என்னவாகும்? இளைஞர்களே, சோறு வடிக்கவும், குழம்பு வைக்கவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும் திருமணத்திற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். அதைக் கற்க ஒரு கோடை விடுமுறை போதும்.

இரண்டாவது, வேலை நேரத்தை ஒளிவின்றித் தெரிவித்தல். இரவுப் பணி, முகாம், கூட்டம், தேர்தல் வகுப்பு எதுவானாலும், தெரிந்த உடனே வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். அந்த நாளில் யார் சமைப்பது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்பது அப்போதே முடிவாகிவிடும். சந்தேகமும் சண்டையும் பெரும்பாலும் தெரியாமையிலிருந்து பிறப்பவை.

மூன்றாவது, பணமும் உறவும். அரசு ஊழியர் என்றாலே ஜாமீன் கையெழுத்துக்கு வருவார்கள், சீட்டுக்கு வருவார்கள், கைமாற்றுக்கு வருவார்கள். உறவினருக்கு உதவுவது நம் கடமை. நாமும் பிறர் கைப்பிடித்து ஏறி வந்தவர்கள்தாம். ஆனால், மாதம் இவ்வளவுதான் உறவினருக்கு என்று கணவன் மனைவி இருவரும் அமர்ந்து முடிவு செய்துவிட வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது.

நான்காவது, நேர்மை. 1973-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், ஊழியர் மட்டுமன்றி அவருடைய குடும்பத்தாரும் அன்பளிப்பு பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் அவற்றின்படி குற்றம். கையூட்டு கொடுக்க வருபவன் எப்போதும் அலுவலகத்திற்கே வருவான் என்பதில்லை. ஒரு பழக்கூடையோடு வீட்டு வாசலுக்கு வருவான். வீட்டில் இருப்பவர் அதைத் திருப்பியனுப்பும் துணிவு உடையவராக இருக்க வேண்டும். மற்றவர் செய்த தவற்றை ஊர் மறந்துவிடலாம். நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் சிக்கினால், அதை நம் சமுதாயத்தின் மேலேயே ஏற்றிப் பேசுவார்கள். இது அநீதிதான். ஆயினும் அந்த அநீதிக்கு நாமே விறகு கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, உரிமைகளை அறிந்திருத்தல். நம்மில் பலர் சலுகையைக் கேட்பதற்குக் கூசுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியரின் மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமாயிற்று. 2016-இல் ஒன்பது மாதமாயிற்று. 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமாக இருக்கிறது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் அடிப்படை உரிமைகளோடு இணைந்தது என்பதை, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. கணவனும் மனைவியும் இயன்றவரை ஒரே இடத்தில் பணிபுரிய வகைசெய்யும் நெறிமுறைகளை நடுவண் அரசு 1986-லும் 2009-லும் வகுத்தது. நம் மாநிலத்தில் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்விலும் கணவன் மனைவிக்கு முன்னுரிமை உண்டு. காவலர்களுக்கு வார ஓய்வு 2021-இல் ஆணையாக வந்தது. பெண் காவலர்களின் பொன்விழா 2023-இல் நடந்தபோது, அவர்களுக்கான காலை அணிவகுப்பு ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றப்படும் என்று அறிவித்தார்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்க்குப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ வாழும் மாவட்டத்தில் மூன்றாண்டு பணியிடம் என்று 2024-இல் அறிவித்தார்கள். காலையில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறூட்டி அனுப்பலாம்.

உலகம் இந்த வழியில்தான் போகிறது. சுவீடன் நாடு 1974-இலேயே குழந்தை வளர்ப்பு விடுப்பைத் தாய் தந்தை இருவருக்கும் பொதுவாக்கியது. நார்வே 1993-இல் அதில் ஒரு பங்கைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் தனி உடன்படிக்கையே செய்தது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வெளிமுகமை மூலம் அமர்த்தப்பட்டுத் தெருவைத் தூய்மை செய்யும் நம் சகோதரிகளுக்கு, நிரந்தர அரசு ஊழியருக்குள்ள அந்தப் பன்னிரண்டு மாத விடுப்பு இல்லை. அரசு நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்மவர் தம் சலுகையோடு நின்றுவிடாமல், இவர்களுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும்.

இறுதியாக, நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். மாலை நேரப் படிப்பகத்தை இரவு எட்டு மணிவரை நடத்துங்கள். பணியிலுள்ள பெற்றோர் வீடு திரும்பும்வரை பிள்ளைகள் அங்கே படிக்கட்டும். அடுத்து, தேர்தல், புயல், நோய்த்தொற்று போன்ற காலங்களில் இரவுப் பணிக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வரும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். மூன்றாவதாக, கோடை முகாமில் ஆண்பிள்ளைகளுக்கும் சமையல் கற்றுக்கொடுங்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

திருக்குறளில் இல்வாழ்க்கை என்ற அதிகாரத்தை அடுத்து வருவது வாழ்க்கைத் துணைநலம். அது மனைவியைக் குறித்து எழுந்தது. ஆரல்வாய்மொழியில் வாழும் நாம் அந்தத் துணை என்ற சொல்லை இருவருக்கும் உரியதாகக் கொள்வோம். திருமணப் பேச்சு வரும்போது, பெண் என்ன வேலை, மாப்பிள்ளை என்ன சம்பளம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் இரவுப் பணிக்குப் போனால் பிள்ளையை நீ பார்த்துக்கொள்வாயா என்றும் மாப்பிள்ளையிடம் கேளுங்கள். ஆம் என்று மனமாரச் சொல்பவனுக்கு உங்கள் பெண்ணைக் கொடுங்கள்.